எம்-புக்கைப் படிக்கத் தெரிந்த வக்கீல்

"எம்-புக் காப்பி இருக்கா?"

சென்னை தம்புச் செட்டித் தெருவில் என் சீனியரின் சேம்பருக்கு எந்த அரசு ஒப்பந்ததாரர் வந்தாலும் சீனியர் கேட்கும் முதல் கேள்வி இதுதான். செய்த வேலையை அளந்து எழுதும் புத்தகம்தான் எம்-புக். எந்தத் துறை, எவ்வளவு ரூபாய் வேலை, எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் அப்புறம். நான் அங்கே ஜூனியராகச் சேர்ந்த இரண்டாவது வாரம் விழுப்புரம் பக்கமிருந்து ஒருவர் வந்தார். ஓடை ஓரமாகத் தடுப்புச் சுவர் கட்டும் வேலை எடுத்திருந்தார். ஒப்பந்தத்தில் சொன்ன நீளத்தை முடித்த நேரத்தில், இன்னும் 40 மீட்டர் சேர்த்துக் கட்டச் சொல்லியிருக்கிறார்கள். மழை நெருங்கிக்கொண்டிருந்தது.

"ஏ.இ. சொன்னார் சார். எஸ்டிமேட்டை அப்புறம் ரிவைஸ் பண்ணிக்கலாம், முதல்ல முடிங்கன்னார். முடிச்சேன். அந்த வருஷம் ஊருக்குள்ள சொட்டுத் தண்ணி வரல."

"எழுத்துல ஏதாவது கொடுத்தாரா?"

"இல்ல சார். வாய் வார்த்தைதான்."

ஏ.இ. என்ற அந்த உதவிப் பொறியாளர் மாற்றலாகிப் போய்விட்டார். புதிதாக வந்தவர் கோப்பைப் புரட்டிப் பார்த்தார். கோப்பில் 40 மீட்டர் இல்லை. ஓடைக் கரையில் சுவர் நிற்கிறது, அலுவலகத்தில் அது இருப்பதற்கான காகிதம் இல்லை. ஒப்பந்ததாரர் மனைவியின் நகையை வைத்து ஜல்லியும் கம்பியும் வாங்கியிருந்தார். அரசு ஒப்பந்த வழக்குகளைப் பார்க்கும் வக்கீலிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் இந்த நிலையில்தான் வருகிறார்கள்.

இரண்டு தனியார்களுக்கு நடுவே இது நடந்திருந்தால் சிக்கல் இவ்வளவு இராது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி வாய்மொழியாகவும் ஒப்பந்தம் உண்டாகலாம். எதிரே அரசு உட்கார்ந்திருந்தால் கதை வேறு. அரசியலமைப்பின் 299-ஆவது உறுப்பு மூன்று நிபந்தனைகளை வைக்கிறது. ஒப்பந்தம் குடியரசுத் தலைவர் அல்லது ஆளுநர் பெயரில் செய்யப்பட வேண்டும், அவர் சார்பில் கையெழுத்தாக வேண்டும், கையெழுத்துப் போடுகிறவருக்கு அதற்கான அதிகாரம் தரப்பட்டிருக்க வேண்டும். பிரிட்டிஷ் காலத்து 1935-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின் 175(3) பிரிவிலிருந்து வந்த ஏற்பாடு இது. பொதுப் பணத்தை ஏதோ ஓர் அதிகாரி தன் வாய்ச்சொல்லால் அடகு வைத்துவிடக் கூடாது என்பது இதன் காரணம். நியாயமான காரணம்தான்.

அந்த நியாயம் யார் தலையில் விடிகிறது என்பதற்கு பிக்ராஜ் ஜெய்பூரியா வழக்கைப் பார்க்கலாம். 1943-இல், போர்க்காலத்தில், கிழக்கிந்திய ரயில்வேயின் கோட்டக் கண்காணிப்பாளர் ரயில்வே ஊழியர்களுக்காக ஒரு வணிகரிடம் உணவு தானியங்களுக்கு ஆர்டர் கொடுத்தார். ஒரு பகுதியை வாங்கிக்கொண்ட ரயில்வே, மீதியை எடுக்க மறுத்தது. வணிகர் நஷ்டத்தைக் கேட்டு வழக்குப் போட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. ஆர்டர்கள் கவர்னர்-ஜெனரல் பெயரில் இல்லை, ஆகவே அரசைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தமே உண்டாகவில்லை என்று 1961-இல் தீர்ப்பானது.

அதே ஆண்டு டிசம்பரில் வந்த இன்னொரு தீர்ப்புதான் எங்கள் தொழிலில் பாதிப் பேருக்குச் சோறு போடுகிறது. 1944 வாக்கில் வங்காளத்தில் ஆராம்பாக் என்ற ஊரில் உணவு வழங்கல் துறைக்காக பி.கே. மண்டல் என்ற நிறுவனம் கிடங்குக் கொட்டகைகளும் மண் சாலையும் காவலர் அறையும் சமையலறையும் கட்டிக் கொடுத்தது. கேட்டது அதிகாரிகள். முறையான ஒப்பந்தம் கிடையாது. தொகை ஏறக்குறைய 19,000 ரூபாய். ஒப்பந்தம் செல்லாது என்பதை உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனால் ஒப்பந்தச் சட்டத்தின் 70-ஆம் பிரிவை எடுத்து வைத்தது. ஒருவர் இலவசமாகச் செய்யும் எண்ணமில்லாமல் ஒரு வேலையைச் செய்து, மற்றவர் அதை ஏற்றுப் பயனும் அடைந்திருந்தால், ஈடு கொடுக்க வேண்டும். பிடிக்கவில்லை என்றால் அரசு அந்தக் கொட்டகையை வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அதில் மூட்டையை அடுக்கிக்கொண்டு, ஒப்பந்தம் இல்லை என்று மட்டும் சொல்லக் கூடாது.

எங்கள் விழுப்புரக்காரருக்கும் இந்த 70-ஆம் பிரிவுதான் கதி. சட்டம் இருக்கிறது, சரி. 40 மீட்டரை எதை வைத்து நிரூபிப்பது? அங்கேதான் எம்-புக் வருகிறது.

மெஷர்மென்ட் புக் என்பதன் சுருக்கம் எம்-புக். தமிழில் அளவுப் புத்தகம் என்று எழுதுவார்கள், யாரும் அப்படிச் சொல்வதில்லை. பக்க எண் அச்சிட்ட புத்தகம், ஒரு பக்கத்தைக்கூடக் கிழிக்கக் கூடாது. எண்ணிக்கை, நீளம், அகலம், ஆழம், மொத்தம் என்று கட்டங்கள். வேலை நடக்கிற இடத்திலேயே அளந்து எழுத வேண்டும். தப்பாக எழுதிவிட்டால் அழிக்கக் கூடாது, அடித்துவிட்டுப் பக்கத்தில் சரியானதை எழுதிச் சுருக்கொப்பம் இட வேண்டும். உதவிப் பொறியாளர் எழுதியதை மேலே உள்ளவர் மீண்டும் அளந்து சரிபார்ப்பார். கீழே ஒப்பந்ததாரர் கையெழுத்து. ஒவ்வொரு பில்லும் இந்தப் பக்கங்களிலிருந்துதான் பிறக்கிறது.

சட்டக் கல்லூரியில் இதைப் பற்றி எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. அரசு ஒப்பந்தம் என்று தனித்தாளே கிடையாது. ஒப்பந்தச் சட்டத்தில் கொஞ்சம், அரசியலமைப்பில் கொஞ்சம், நிர்வாகச் சட்டத்தில் கொஞ்சம் என்று சிதறிக் கிடக்கும். சீனியர்தான் ஸ்கேலை வைத்து வரிவரியாக என்னைப் படிக்க வைத்தார். அஸ்திவாரக் குழியின் ஆழம் எந்தக் கட்டம், ஷட்டரிங் எப்படிச் சதுர மீட்டரில் வரும், கான்கிரீட் எப்படிக் கன மீட்டரில் வரும். முதல் ஆறு மாதம் நான் படித்தது சிவில் இன்ஜினியரிங்தான் என்று சொன்னால் மிகையில்லை.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு எம்-புக் நகலை வாங்கினோம். 37-ஆம் பக்கத்தில் அது இருந்தது. மண்ணுக்குள் போகிற வேலையை மூடுவதற்கு முன்பே அளந்தாக வேண்டும் என்பது பொறியாளர்களுக்கு ஊறிப்போன பழக்கம். அந்தப் பழைய ஏ.இ.யும் 40 மீட்டருக்கான அஸ்திவாரக் குழியை அளந்து எழுதி, தேதியும் போட்டிருந்தார். சுவர் எழும்பியதும் எழுதுவதற்குள் மாற்றல் வந்துவிட்டது. சுவரைப் பற்றி ஒரு வரி இல்லை, அதன் அடியில் இருக்கும் குழியைப் பற்றி நான்கு வரி இருந்தது. அந்த நான்கு வரிதான் வழக்கு.

டெண்டர் கட்டத்தில் வரும் கட்சிக்காரர்கள் வேறு ரகம். அவர்களுக்கு எல்லாமே நாளை காலைக்குள் வேண்டும். தகுதியில்லை என்று ஒதுக்கிவிட்டார்கள், நாளை மறுநாள் வேறொருவருக்குப் பணி ஆணை போகப்போகிறது என்பார்கள். தமிழ்நாட்டில் இதற்கு அடிப்படை 1998-ஆம் ஆண்டின் டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டமும் 2000-ஆம் ஆண்டின் விதிகளும். நான் முதலில் பார்ப்பது தேதிகளைத்தான். இரண்டு கோடி ரூபாய் வரையிலான டெண்டருக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் போனால் 30 நாள் அவகாசம் என்கிறது விதி. குறைக்க வேண்டுமென்றால் மேலதிகாரி காரணத்தை எழுதி ஒப்புதல் தர வேண்டும். அந்தக் காரணம் கோப்பில் இருக்கிறதா என்று தேடினாலே பல விஷயங்கள் வெளியே வந்துவிடும்.

அரசு தன் கடையைத் தன் இஷ்டப்படி யாருக்கும் கொடுக்கலாம் என்ற எண்ணத்தை உடைத்தது 1979-இல் வந்த ரமணா தயாராம் ஷெட்டி தீர்ப்பு. பம்பாய் விமான நிலையத்தில் ஓர் உணவகமும் இரண்டு சிற்றுண்டிக் கடைகளும் நடத்துவதற்கான டெண்டர். பதிவு பெற்ற இரண்டாம் தர ஓட்டல்காரராக ஐந்து ஆண்டு அனுபவம் வேண்டும் என்று நிபந்தனை. கேன்டீன் நடத்தியவருக்கு அதைக் கொடுத்தார்கள். அரசு தானே வைத்த அளவுகோலுக்குத் தானும் கட்டுப்பட்டது என்று நீதிபதி பகவதி எழுதினார். நாடு முழுக்க இன்றும் மேற்கோள் காட்டப்படும் வரி அது. ஆனால் வழக்குப் போட்டவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அவர் டெண்டரே போட்டிருக்கவில்லை, நீதிமன்றத்துக்கும் தாமதமாக வந்தார். அதற்குள் மற்றவர் பணம் போட்டுக் கடையைத் தொடங்கிவிட்டார். ஜூனியர்களுக்கு நான் இந்த வழக்கின் கடைசிப் பக்கங்களைத்தான் முதலில் படிக்கச் சொல்கிறேன்.

1994-இல் டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை நகரங்களின் செல்போன் உரிமங்கள் தொடர்பாக வந்த டாட்டா செல்லுலர் வழக்கில், நீதிமன்றம் முடிவெடுத்த முறையைத்தான் பார்க்கும், அந்த முடிவுக்கு மேல் அப்பீல் கேட்காது என்று கோடு கிழித்தார்கள். 2006-இல் ஜகதீஷ் மண்டல் வழக்கு அதை இரண்டு கேள்விகளாகச் சுருக்கியது. கெட்ட எண்ணத்தோடோ, யாருக்காவது சலுகை காட்டவோ, பொறுப்புள்ள எவரும் எடுக்க முடியாத அளவு தன்னிச்சையாகவோ செய்யப்பட்டதா? பொது நலனுக்குப் பாதிப்பு உண்டா? இரண்டுக்கும் இல்லை என்றால் தலையீடு இல்லை. 2022-இல் என்.ஜி. புராஜெக்ட்ஸ் தீர்ப்பு இன்னும் ஒரு படி மேலே போய், கட்டுமான டெண்டர்களில் தடையாணை கொடுப்பதைத் தவிர்த்து, நஷ்டஈடு கேட்கச் சொல்லி அனுப்பலாம் என்றது. ஆகவே ராத்திரி பத்து மணிக்கு ஃபைலோடு வரும் கட்சிக்காரரிடம் முதலில் சொல்ல வேண்டியது, "உங்கள் மேல் தப்பு இல்லாமல் இருக்கலாம், ஆனாலும் தடையாணை கிடைப்பது கஷ்டம்" என்பதை. இதைச் சொல்லாமல் ஃபீஸ் வாங்குவது சரியில்லை.

மாநிலச் சட்டத்தில் ஒரு மேல்முறையீடு இருக்கிறது. டெண்டர் ஏற்பு ஆணை கிடைத்த 10 நாளுக்குள் அரசிடமே போட வேண்டும். அமெரிக்காவில் இதே மாதிரியான புகாரை, டெண்டர் விட்ட துறையோடு சம்பந்தமில்லாத, நாடாளுமன்றத்தின் கீழ் இயங்கும் தணிக்கை அலுவலகத்தில் போடலாம். 1984-ஆம் ஆண்டுச் சட்டப்படி, உரிய காலத்துக்குள் போட்டால் பொதுவாக ஒப்பந்தம் அப்படியே நிறுத்தி வைக்கப்படும். 100 நாளுக்குள் முடிவு வரும். அங்கே அரசு ஒப்பந்தம் என்றே தனிப் பிரிவு வைத்திருக்கும் பெரிய வக்கீல் நிறுவனங்கள் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். நமக்கும் இப்படி ஓர் அமைப்பு வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். டெண்டர் விட்டவரிடமே போய் டெண்டரைப் பற்றி முறையிடச் சொன்னால், எல்லோரும் நேராக ரிட் மனுவோடு உயர் நீதிமன்றத்துக்குத்தான் ஓடி வருவார்கள்.

வேலை முடிந்தபிறகு வரும் சண்டைகளில் என்னை மிகவும் வருத்துவது காலவரம்பு. செய்த வேலைக்குப் பணம் கேட்டு வழக்குப் போட ஒப்பந்ததாரருக்கு, வேலை முடிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டு. அரசு வழக்குப் போட வேண்டுமென்றால் 30 ஆண்டு. காலவரம்புச் சட்டத்தின் அட்டவணையில் 18-ஆவது, 112-ஆவது இனங்களில் இரண்டும் இருக்கின்றன. இடம் கொடுக்காத சட்டம் என்று இதைச் சொல்ல முடியாது, தெரிந்துகொண்டால் தப்பிக்கலாம். ஆனால் எத்தனை பேர் "ஃபண்டு வந்துடும், அடுத்த மார்ச்சுல போட்டுடலாம்" என்ற பேச்சை நம்பி மூன்று மார்ச்சைக் கடத்திவிடுகிறார்கள்! நினைவூட்டல் கடிதம் எத்தனை அனுப்பினாலும் காலம் நீளாது. துறை, மூன்று ஆண்டு முடிவதற்கு முன்பே, பாக்கி இருப்பதை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டு ஒரு கடிதம் எழுதியிருந்தால் அன்றிலிருந்து புதுக் கணக்கு தொடங்கும். அதனால் கட்சிக்காரர் கொண்டுவரும் மூட்டையில் அவர் எழுதிய கடிதங்களை ஒதுக்கி வைத்துவிட்டு, துறை எழுதியவற்றைத் தேடுவேன். ஒரே ஒரு வரி, "தங்களது நிலுவைத் தொகை நிதி ஒதுக்கீடு பெறப்பட்டவுடன் வழங்கப்படும்" என்று கிடைத்துவிட்டால் அன்று மத்தியானச் சாப்பாடு நன்றாக இறங்கும்.

இறுதி பில் வாங்கும்போது "எனக்கு இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று கையெழுத்து வாங்குவது இன்னொரு வழக்கம். போடாவிட்டால் செக் வராது. 2011-இல் ஆர்.எல். கலாதியா வழக்கில், அப்படி எழுதிக் கொடுத்தார் என்பதற்காக மட்டும் நியாயமான கோரிக்கையைத் தள்ளிவிட முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. இருந்தாலும், பணம் கைக்கு வந்த அந்த வாரத்திலேயே "கட்டாயத்தின் பேரில் கையெழுத்திட்டேன்" என்று ஒரு கடிதம் அனுப்பியவருடைய நிலை, மூன்று ஆண்டு கழித்து அதைச் சொல்கிறவரைவிடப் பல மடங்கு பலமானது.

கருப்புப் பட்டியலில் சேர்ப்பது பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது ஒரு நிறுவனத்தையே மூட வைத்துவிடும். 1974-லிருந்தே முன்னறிவிப்பு இல்லாமல் சேர்க்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. 2014-இல் கூர்க்கா செக்யூரிட்டி வழக்கில், கருப்புப் பட்டியலில் சேர்க்க உத்தேசம் என்பது அந்த நோட்டீஸிலேயே தெளிவாகத் தெரிய வேண்டும் என்றார்கள். பல ஆணைகள் இந்த ஒரே ஓட்டையில் விழுகின்றன.

பெரிய ஒப்பந்தங்களில் தகராறு நீதிமன்றத்துக்குப் பதிலாக நடுவரிடம் போகும். முன்பெல்லாம் அந்த நடுவர் துறையின் பொறியாளராகவே இருப்பார். நடுவர் சட்டத்தின் 2015-ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த வழியை அடைத்தது. 2019-இல் பெர்கின்ஸ் தீர்ப்பு, தானே நடுவராக இருக்க முடியாதவர் இன்னொருவரை நியமிக்கவும் முடியாது என்றது. 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, அரசு ஒப்பந்தங்களில் ஒரு தரப்பே தனி நடுவரை நியமிப்பது சமத்துவத்துக்கு விரோதம் என்று பெரும்பான்மையாகத் தீர்ப்புச் சொன்னது. ஆனால் அதே ஆண்டு ஜூனில் மத்திய நிதி அமைச்சகம், 10 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட தகராறுகளுக்கு நடுவர் ஏற்பாட்டை வழக்கம்போலச் சேர்க்க வேண்டாம் என்று துறைகளுக்கு வழிகாட்டுதல் அனுப்பிவிட்டது. ஆகவே இந்தத் துறைக்கு இப்போது வருகிற இளைஞர்கள் நடுவர் மன்றத்தை மட்டும் நம்பி இருக்க முடியாது. வணிக நீதிமன்றத்தில் சாட்சி விசாரணை, குறுக்கு விசாரணை எல்லாம் தெரிய வேண்டும்.

அவர்களுடைய பிழைப்பையும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சில் 2024-இல் ஜூனியர்களுக்குக் குறைந்தபட்சம் சென்னை, மதுரை, கோவையில் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் தர வேண்டும் என்று அறிவித்தது. நான் சேர்ந்தபோது பஸ் பாஸும் மதியச் சாப்பாடும்தான். இந்த வேலையில் பலன் தெரிய ஏழெட்டு ஆண்டு ஆகும். எண்களைக் கண்டு பயப்படாதவர், பழைய காகிதத்தைப் பொறுமையாகப் புரட்டுகிறவர் நிலைப்பார்.

நடுவில் சில காலம் அரசு வழக்கறிஞர் அலுவலகத்திலும் வேலை பார்த்தேன். அந்தக் காலம் எனக்குக் கண்ணைத் திறந்துவிட்டது. எதிர்வாதம் தயாரிக்க எங்கோ கடைக்கோடி மாவட்டத்திலிருந்து உதவிப் பொறியாளர் ராத்திரி பஸ்ஸில் கோப்பைக் கட்டிக்கொண்டு வருவார். ஒப்பந்ததாரர்கள் நினைப்பதுபோல அவர் எப்போதும் பணத்தை முடக்குகிறவர் அல்லர். மழை வரப்போகிறது, கூடுதல் வேலைக்கு மேலிடத்து அனுமதி வர மாதங்கள் ஆகும், எழுத்தில் கொடுத்தால் நாளை தணிக்கையில் "அனுமதியின்றிச் செலவு" என்று அவர் பெயரில் ஆட்சேபம் எழும், அதன்பின் ஓய்வூதியம்கூட இழுபறியாகலாம். கொடுக்காவிட்டால் ஊர் மூழ்கும். அதனால் வாயால் சொல்கிறார். ஊரைக் காப்பாற்றிய ஆணை எந்தக் காகிதத்திலும் ஏறாமல் போவது இப்படித்தான். அவசர வேலைக்கு ஏ.இ. மட்டத்திலேயே ஒரு குறிப்பிட்ட தொகைவரை எழுத்தில் ஆணையிடும் அதிகாரமும், அதற்குத் தணிக்கையில் பாதுகாப்பும் கொடுத்தால் எங்கள் சேம்பருக்கு வரும் வழக்குகளில் பல பிறக்கவே பிறக்காது.

விழுப்புரக்காரர் வழக்கில், அரசு மீது வழக்குப் போடுமுன் கொடுக்க வேண்டிய, சிவில் நடைமுறைச் சட்டத்தின் 80-ஆம் பிரிவு நோட்டீஸ் கொடுத்து, இரண்டு மாதம் காத்திருந்து, வழக்குப் போட்டோம். இடத்தை நேரில் பார்த்து அறிக்கை தர நீதிமன்றம் ஒரு வழக்கறிஞர் ஆணையரை நியமித்தது. நானும் போயிருந்தேன். ஓடையில் முழங்கால் தண்ணீர். ஆணையர் பேண்டை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கினார். டேப்பின் ஒரு முனையைத் துறையின் பணியாளர் பிடிக்க, மறுமுனையை ஒப்பந்ததாரரே பிடித்துக்கொண்டு நடந்தார். 39.6 மீட்டர். ஊர்ப் பெரியவர் ஒருவர் கரையில் நின்று, "இது இல்லன்னா மாரியம்மன் கோயில் தெரு போயிருக்கும்" என்றார். ஆணையர் அதையும் எழுதிக்கொண்டார். நான்கு ஆண்டு கழித்து, லாபம் இல்லாமல், அன்றைய விலைப் பட்டியல்படி சுவருக்கான தொகை மட்டும் தீர்ப்பாயிற்று.

அடுத்த வருஷம் அவர் மறுபடி வந்தார். வேறு வேலை, வேறு துறை. கையில் ஒரு நீள நோட்டு. இடது பக்கம் அவர் அனுப்பிய ஒவ்வொரு கடிதத்தின் தேதியும் பொருளும், வலது பக்கம் அலுவலகத்தின் முத்திரை. எம்-புக் பக்கங்களைப் போனில் படம் எடுத்து வைத்திருந்தார். பொறியாளர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளும் இருந்தன. அதற்குப் புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவில் மின்னணுப் பதிவுகளுக்கான சான்று வேண்டும், அந்தப் போனை மாற்றிவிடாதீர்கள் என்றேன்.

சீனியர் ஒவ்வொரு வரியாக விரலை ஓட்டிக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தினார்.

"இதுக்கு முத்திரை இல்லையே?"

"அன்னைக்கு டெஸ்பாட்ச் கிளார்க் லீவு சார். டேபிள்ல வெச்சுட்டு வந்தேன்."

"இன்னிக்கே இன்னொரு காப்பி எடுத்து ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பிடுங்க. ரசீதை இங்கே ஒட்டுங்க" என்றபடி வலது பக்கத்து வெற்றிடத்தைப் பென்சிலால் சுழித்துக் காட்டினார்.